கோழிகளை நரிக்குக் கொடாமல் காக்கும் வழி

கிராமங்களில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டு ஸ்திரீகளின் பொறுப்பில் நடந்து வருவது. உழவுக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தைக் குடும்பத் தலைவன் சங்கத்தில் கடனாகப் பெறுகிறான். பிள்ளையின் புஸ்தகத்துக்கும், எதிர்பாராமல் வரும் விருந்துக்கும், மருந்துச் செலவுக்கும் வேண்டிய சில்லறை, கோழியையும் முட்டையையும் விற்றே கிடைக்கிறது. எந்தக் கணக்கிலும் எழுதப்படாத இந்த வரும்படி எவ்வளவு என்பது, ஒரு ராத்திரி நரி வந்து போன மறுநாள் காலையில்தான் குடும்பத்தாருக்கு நன்றாய் விளங்குகிறது.

நஷ்டத்தைக் கோழியின் சந்தை விலையைக்கொண்டு மாத்திரம் மதிப்பிடுவது சரியன்று. நாட்டுக்கோழிப் பெட்டை வருஷத்துக்குச் சுமார் 50 முதல் 80 முட்டை வரையில் இடும். அடைகாத்துத் தானே குஞ்சு பொரித்து வளர்க்கும். அது போய்விட்டால் அதனிடத்துக்கு ஒரு குஞ்சை வளர்த்து முட்டைக்குக் கொண்டுவர ஆறேழு மாதம் செல்லும். அடையிலிருக்கும் பெட்டையானால் அதனுடன் 21 நாள் காக்கவேண்டிய முட்டைகளும் கெட்டுப்போகின்றன. பத்துப் பெட்டைகள் வைத்திருக்கும் வீட்டில் ஒரே ராத்திரியில் ஆறு போயின என்றால், அவ்வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்து உபவருமானம் போயிற்று என்றே கொள்ளவேண்டும்.

நரி மகா தந்திரசாலி என்றும், அதை வெல்வது மனிதனால் ஆகாது என்றும் பாட்டி கதைகள் கூறும். கோழியைப் பொறுத்தமட்டில் இது நரிக்கு அளவுகடந்த மதிப்பைக் கொடுப்பதாகும். பலமான கூட்டுக்குள் சென்று அது கோழியைத் திருடியது அபூர்வம். சார்த்தாமல் விட்ட கதவு, சுவருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள சந்து, மரத்தடியில் கவிழ்த்துவிட்ட பஞ்சாரம், இம்மூன்றின் வழியாகவே பெரும்பாலான கோழிகள் போகின்றன.

திருடன் யார் என்று அறிதல்

கோழி காணாமற்போனவுடன் பழி நரியின்மேல் விழுகிறது. உண்மையில் கோழியைத் தின்னும் பிராணிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தடை வேறு. ஆகையால் பணத்தைச் செலவிடுமுன் திருடனை இன்னானென்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். கூட்டமாய் ஊளையிடுவதும், 8 முதல் 10 கிலோ வரை எடையுள்ளதுமான பிராணியே நரி. குள்ளநரி என்பது வேறு ஜாதி. 2 முதல் 4 கிலோவுக்குமேல் வளராது. வாலின் நுனி கறுத்திருக்கும். வறண்ட மேய்ச்சல் காடுகளில் வளை தோண்டி வசிக்கும். அதன் முக்கிய ஆகாரம் கரையான், வண்டு, வெட்டுக்கிளி, எலி, இலந்தைப்பழம் முதலியவை. அது குஞ்சையோ இளங்கோழியையோ எடுப்பதுண்டாயினும், பெரிய நரி செய்யும் நஷ்டத்தில் பெரும்பாகம் வீணாக அதன் தலையில் கட்டப்படுகிறது.

நரி ராத்திரியிலும், பொழுது சாயும் வேளையிலும், விடியற்காலையிலும் வரும். கோழியை முழுசாய்த் தூக்கிக்கொண்டு புதருக்குப் போய்விடும். வழிநெடுகச் சிறகுகள் உதிர்ந்து கிடக்கும். காட்டுப்பூனையும் ராத்திரியில் வருவதே; பெரும்பாலும் ஒரு கோழியோடு போய்விடும்; ஏறவும் தாவவும் வல்லது. மரநாய் கூரையின் வழியாக இறங்கும். கீரி பகலில் நடமாடுவது. சிறு சந்தில் நுழைந்து கழுத்தையும் தலையையும் கடிக்கும். முட்டையையும் உடைத்துக் குடிக்கும். முட்டையும் குஞ்சும் சுவடே இல்லாமல் மறைந்தால் பாம்பைச் சந்தேகிக்கலாம். குஞ்சுகள் பகலில் ஒவ்வொன்றாய்க் குறைந்தால் பருந்தையும் காக்கையையும் பார்க்கவேண்டும். பல கோழிகள் கடித்துக் குதறப்பட்டு, தின்னப்படாமல் கிடந்தால், அது அநேகமாய் ஊர்நாயின் வேலை.

இந்தக் கடைசி விஷயம் கிராமத்தில் மனஸ்தாபத்துக்கு இடமானது. அண்டை வீட்டு நாயைக் குற்றஞ்சாட்டுவதற்குக் கூசி நரியென்று சொல்லிவிடுவோர் உண்டு. நரி செய்ததற்கு அண்டை வீட்டாருடன் சண்டைக்குப் போவோரும் உண்டு. இரண்டையும் தவிர்க்கச் செலவில்லாத உபாயம் ஒன்றிருக்கிறது. கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ மெல்லிய மணலையோ மாலையில் தூவி, விளக்குமாற்றால் சமன்செய்து விடவேண்டும். காலையில் அதில் அடிச்சுவடு இருக்கும். நான்கு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நரி அல்லது நாய். நான்கு விரல் தெரிந்து நகக்குறி இல்லாவிட்டால் பூனை ஜாதி. சிறிய சுவட்டில் ஐந்து விரல் தெரிந்தால் கீரி முதலியவை. நரியின் சுவட்டை நாயின் சுவட்டிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. அப்பொழுது சுவடு ஊருக்குள் திரும்புகிறதா, புதர்ப்பக்கம் போகிறதா என்று தொடர்ந்து பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

ராத்திரிக் கூடு

கோழிக்கு இருட்டில் கண் சரியாய்த் தெரியாது. பகலில் நரியைக் கண்டால் பறந்து கூரைமேல் ஏறும் சேவல், ராத்திரியில் பிடித்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆகையால் அது தன்னைக் காத்துக்கொள்ளும் என்று நினைப்பது பிசகு. கூட்டுக்குள் மிருகம் நுழைந்துவிட்டாலோ, ஓட வழியின்றிக் கோழிகள் படபடக்க, அது தனக்கு வேண்டியதற்குமேல் கொன்றுவிடுகிறது. மோசமான கூடு, கூடே இல்லாததைக்காட்டிலும் அபாயமானது என்று சொல்வது இதனாலேயே.

மரத்தில் அடையும் கோழிகள் நரிக்குத் தப்பும் என்பது உண்மைதான். ஆயினும் காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் கோட்டானுக்கும் அவை எளிதில் அகப்படும். மழையிலும் பனியிலும் நனைந்து நோய்க்கும் ஆளாகும். பஞ்சாரம் பகலில் குஞ்சுகளைக் காக்கைக்கும் பருந்துக்கும் மறைக்க மிகவும் ஏற்ற சாதனம். அதற்கிணையாக மலிவானது வேறில்லை. ராத்திரியில் அதை வெளியே வைப்பது மட்டும் கூடாது. மேலே கல்லை ஏற்றினாலும் நரி ஓரத்தைத் தோண்டியோ மூக்கால் நிமிர்த்தியோ புரட்டிவிடும். வீட்டுக்குள் அல்லது பூட்டிய திண்ணையறையில் வைத்தால் தடையில்லை. அடைகாக்கும் பெட்டையை வைக்கோற்போரின் அடியிலும் வேலியோரத்திலும் விட்டுவிடாமல், கூடையோடு அவ்வாறே உள்ளே கொணர்ந்துவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு கோழிகள் ராத்திரி தங்குவதற்கு 4 அடி நீளமும் 3 அடி அகலமும் 3 அடி உயரமுமுள்ள கூடு போதும். சுவர் செங்கல்லாகவோ மரப்பலகையாகவோ இருக்கலாம்; மண்சுவரானால் அடிப்பாகத்தைக் கல் வைத்துக் கட்டவேண்டும். தரைக்குப் பலகைக்கல் பாவிவிட்டால் தோண்டும் பிராணி எதற்கும் இடமில்லை. கல் கிடைக்காத ஊரில் வேறொரு முறை உண்டு. 1½ அடி அகலமுள்ள கம்பிவலையைக் கூட்டின் சுவரடியிலிருந்து வெளிப்புறமாய் நாற்புறமும் தரையோடு விரித்து, முளை அடித்து, மேலே மண்ணைப் போட்டு மூடவேண்டும். நரி சுவரின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே நகத்தில் வலை தட்டுப்படும். பின்வாங்கி ஒன்றரையடிக்கு அப்பால் தோண்டவேண்டுமென்ற யோசனை அதற்குச் சாதாரணமாய் உண்டாவதில்லை. தந்திரசாலியின் தந்திரம் இவ்வளவே.

கம்பிவலையில் இரண்டு விதம் உண்டு. அறுகோணக் கண்ணுடைய மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்குச் செய்யப்பட்டது. நரியை வெளியே நிறுத்துவதற்கன்று. பல்லாலும் நகத்தாலும் அது பிய்ந்துபோகும், துருப்பிடித்தபின் சொல்லவேண்டியதில்லை. அரை அங்குலக் கண்ணுடைய, கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட வலையே ராத்திரிக் கூட்டுக்கு ஏற்றது. விலை அதிகமாயினும் கீரி, எலி, பெரும்பாலான பாம்புகள் ஆகியவற்றையும் அதுவே தடுக்கும். பகலில் கோழி உலாவும் அடைப்புக்கு மெல்லிய வலை போதும். அங்கே பணத்தை வீணாக்க வேண்டாம்.

இனி, கூட்டைப்பற்றிய விஷயங்களில் மிகவும் முக்கியமானது காற்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நான்கு புறமும் அடைத்த பெட்டிக்குள் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு இளைக்கின்றன. வீட்டுக்காரிக்கு மனம் பொறுப்பதில்லை. “கொஞ்சம் காற்று வரட்டும்” என்று கதவைச் சிறிது திறந்து வைக்கிறாள். நரி வருவது அந்த ராத்திரியில்தான். இதை அவளுடைய அசட்டை என்று சொல்வது நியாயமாகாது. கூட்டைக் கட்டியவனுடைய குற்றம். நீளமான இரண்டு பக்கங்களிலும் மேற்பாதியை, அதாவது 4 அடி நீளம் 1½ அடி உயரத்துக்கு, சுவரில்லாமல் விட்டுக் கம்பிவலை அடித்துவிட்டால் கதவைத் திறக்கவேண்டிய காரணமே இராது. மழைக்காலத்தில் சாக்குப்படுதா தொங்கவிடலாம். வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் வைத்து, அதன்மேல் மரப்பட்டை வைத்து ஆணி அடிக்கவேண்டும். உட்புறத்தில் வெறும் ஆணி மட்டும் அடித்த வலை வெளியிலிருந்து தள்ளினால் கழன்றுவிடும்.

கூரை ஓடாயிருந்தால் மரநாய் ஓட்டை நகர்த்தும்; ஓலையாயிருந்தால் பிரிக்கும். ஆகையால் கூரைக்கு அடியிலும் வலையாவது பலகையாவது வேண்டும்.

கதவும் மாலை வேளையும்

கதவின் அடிப்பாகம் நிலைச்சட்டத்தில் பதிந்து உட்காரவேண்டும்; விரலிடும் சந்து இருந்தால் மூக்கை நுழைத்து நெம்புவதற்கு அதுவே போதும். கயிற்றால் கட்டுவதும், கல்லை முட்டுக்கொடுப்பதும், வெறும் கொக்கி மாட்டுவதும் கதவடைத்ததாகா. நாதாங்கியும் அதில் ஒரு குச்சியும், அல்லது இழுத்துப் பூட்டும் தாழ்ப்பாளும் வேண்டும்.

மரத்தில் அடைந்து பழகிய கோழிகளைக் கூட்டுக்குப் பழக்குவது கஷ்டமென்று பலர் கைவிடுகின்றனர். முதலில் நாலைந்து நாள் கோழிகளைக் கூட்டோடு சேர்ந்த அடைப்பிலேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, பிறகு வெளியே விட்டு, தினந்தோறும் பொழுது சாயும் வேளையில் கூட்டுக்குள்ளேயே ஒரு கைப்பிடி கம்போ சோளமோ இறைத்து அழைத்தால் பத்து நாளில் தாமே வந்து சேரும். இந்தத் தீனியைக் காலையில் கொடுப்பதைவிட மாலையில் கொடுப்பது இதனால் இரட்டை லாபம். உள்ளே வந்தவற்றை எண்ணிப் பார்த்தே கதவைச் சாத்தவேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அப்பொழுதே தேடலாம். காலையில் நன்றாய் விடிந்தபின் திறப்பது உத்தமம். இருட்டோடு இருட்டாகத் திறந்துவிடும் வழக்கத்தினால் கோழியை இழந்தவர்கள் அநேகர்.

கூட்டைச் சுற்றி இருபது முப்பது அடிக்குச் சீமைக்கருவேலும் வேறு புதரும் இல்லாமல் வெட்டிவிட வேண்டும். நரி திறந்த வெளியைக் கடக்கக் கூசும். மறைவிருந்தால் தினமும் வந்து நோட்டமிடும். வெள்ளைக்கழிச்சல் கண்டு இறந்த கோழிகளையும், கறியறுத்த கழிவையும் குப்பைமேட்டில் எறிவது நரிக்கு விருந்து வைத்து அழைப்பதாகும். அவற்றை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். அந்நோயினால் சாகும் கோழிகள் நரி தின்பவற்றைக்காட்டிலும் மிக அதிகமாதலால், கால்நடை மருந்தகத்தில் காலத்தில் தடுப்பு மருந்து போட்டுக்கொள்வதும் இந்தப் பாதுகாப்பில் சேர்ந்ததே.

குட்டியிலிருந்து கோழிகளோடு பழக்கிய நாட்டுநாய் நல்ல காவல். கினிக்கோழி இரண்டொன்று சேர்த்து வளர்த்தால் அந்நியப் பிராணியைக் கண்டவுடன் பெருங்கூச்சலிடும்; அண்டை வீட்டார் அந்தக் கூச்சலைப் பொறுப்பார்களா என்பது வேறு விஷயம். விளக்கு, பளபளக்கும் காகிதம், வெருளி முதலியவை சில நாளைக்குப் பயன்படும். பிறகு நரி பழகிவிடும்.

செய்யத்தகாதவை

கோபத்தில் சிலர் இறைச்சியில் விஷம் வைக்கின்றனர். சிலர் நாட்டுவெடியைப் பொதிந்து வைக்கின்றனர். விஷத்தைத் தின்பது நரி மாத்திரமன்று. ஊர்நாயும் பூனையும் காக்கையும் கழுகும் சாகும். விளையாடும் குழந்தையின் கைக்கும் அது எட்டும். வெடியைக் கடித்த மாட்டின் வாய் சிதறிப்போவதும் நடந்திருக்கிறது. மின்சாரக் கம்பியை நேரே வேலியில் கோத்துவிடுவது இவையெல்லாவற்றிலும் கொடியது. அதில் முதலில் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனே.

சட்டமும் இதற்கு இடங்கொடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரி, குள்ளநரி, காட்டுப்பூனை, மரநாய், கீரி ஆகிய யாவும் பாதுகாக்கப்பட்ட பிராணிகள். அவற்றைக் கொல்வதும், கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம். சேலம் ஜில்லாவில் வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் பொங்கலையொட்டி நரியை வலைவைத்துப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் ‘வங்காநரி’ வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நன்மை என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. அதற்காகக்கூட வனத்துறையார் அபராதம் விதித்திருக்கிறார்கள் என்றால், விஷம் வைத்தவனைச் சும்மா விடுவார்கள் என்று எண்ணவேண்டாம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கோழி வளர்க்கும் குடும்பமே நெல்லும் கடலையும் பயிரிடும் குடும்பமாயிருக்கிறது. நரியின் அன்றாட ஆகாரத்தில் வயலெலி முக்கியமானது. நண்டும், செத்த பிராணியும், காட்டுப்பழமும் மற்றவை. கரும்பையும் சோளத்தையும் அது கடித்து நஷ்டப்படுத்துவதுண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் வரப்பைத் துளைத்துக் கதிரை அறுத்துப் பொந்தில் சேர்க்கும் எலியை ராத்திரிதோறும் கூலியில்லாமல் பிடிப்பது நரியும் குள்ளநரியும் ஆந்தையும் பாம்புமே. மேலும், ஒரு நரியைக் கொன்றால் அதன் இடம் காலியாகக் கிடப்பதில்லை. வேறொன்று வந்து சேரும். திறந்த கூடு அப்பொழுதும் திறந்தேயிருக்கும். “நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி” என்று பெரியோர் சொன்னது இவ்விஷயத்துக்கு நன்றாய்ப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் தனியே எச்சரிக்கவேண்டும். பட்டப்பகலில் பயமில்லாமல் ஊருக்குள் தள்ளாடி வந்து, எதிர்ப்பட்டதைக் கடிக்கும் நரிக்கு வெறிநோய் இருக்கக்கூடும். அதைக் கோழிக்காகக் கம்பெடுத்துத் துரத்தக்கூடாது, வனத்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவதில் பிரயோஜனமில்லை.

சங்கத்தின் மூலம் செய்யக்கூடியது

தனிக் குடும்பம் கம்பிவலை வாங்கப் போனால் நான்கைந்து முழம் சில்லறையாய் அறுத்துத் தருவார்கள், விலை கூடும், அப்பொழுது மலிவான மெல்லிய வலையை வாங்கிவரத் தோன்றும். 3 அடி அகலமும் 50 அடி நீளமுமுள்ள சுருள் ஒன்றைச் சங்கத்தின் மூலமாய் வாங்கினால் கணக்கு வேறாகிறது. மேற்சொன்ன அளவுள்ள கூட்டின் இரண்டு காற்றுப்பக்கங்களுக்கும் சுருளில் 4 அடி நீளத்தை நடுவே இரண்டாய்ப் பிளந்தால் போதும். தரையில் விரிப்பதற்கு மூலைகள் உட்பட 1½ அடி அகலத்தில் 20 அடி வேண்டும். அதாவது சுருளில் 10 அடி. ஆகக் கூட்டுக்கு 14 அடி வீதம் ஒரு சுருள் மூன்று குடும்பங்களுக்கு ஆகி, 8 அடி மிஞ்சும். கல் பாவிய தரையுள்ளவர்களுக்குக் காற்றுப்பக்கம் மட்டும் போதுமாதலால் அதே சுருள் பன்னிரண்டு கூடுகளுக்கு வரும். பலகைக்கல் வண்டிச் சத்தமும் பலர் பங்கிட்டுக்கொண்டால் குறையும்.

1920-களில், அக்காலத்தில் திருவாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம புனர்நிர்மாண நிலையத்தை நடத்திவந்தார். நல்ல ஜாதிக் கோழிகளை வளர்ப்பதும், முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்பதும் அந்நிலையத்தின் வேலைகளில் சேர்ந்திருந்தன. முட்டை கூட்டாக விற்கப்படும் ஊரில் கோழி ஒவ்வொருவருடைய தனி விஷயமாயிராமல், அதன் பாதுகாப்பும் பொது விஷயமாகிறது. கூடு கட்டுவதற்குச் சிறு கடன் கொடுக்கும் சங்கம், வாரந்தோறும் சேரும் முட்டைப் பணத்திலிருந்து அதைச் சிறு தவணைகளாய்ப் பிடித்துக்கொள்ளலாம். கடன் மனுவில் வீட்டு ஸ்திரீயின் பெயரே இருப்பது சரியானது; கோழியும் அவளுடையது, கதவைச் சாத்துபவளும் அவளே.

கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ குடும்பத்தோடு வெளியூர் போகும் நாட்களில் கூட்டை அடைக்க ஆளில்லாமற் போகிறது. ஒரு தெருவிலுள்ள அங்கத்தினர்கள் முன்னதாகவே சொல்லிவைத்துக்கொண்டு, இருக்கும் வீட்டார் போன வீட்டாரின் கோழிகளை எண்ணி அடைத்துக் காலையில் திறந்துவிடும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். இதற்குத் தீர்மானப் புஸ்தகமும் கூட்டமும் வேண்டியதில்லை. எண்ணிக்கையை மட்டும் ஊருக்குப் போகுமுன் சரியாய்ச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.